ஏலக்காய்க்கும் ஏலத்துக்கும் என்ன உறவு?

சொல் வந்த பாதை – வாரத் தொடர்

போடிநாயக்கனூரில் ஒரு வீடு. மாலை நேரம். தாத்தாவின் செல்போனுக்கு வழக்கமான மெசேஜ் வந்துவிட்டது. கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடாது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திதான் தினமும் வாசித்துச் சொல்வாள்.

“இன்னைக்கு ஏலக்காய் ஏலம்… உச்ச விலை இவ்வளவு, சராசரி விலை இவ்வளவு. தாத்தா, அது என்ன ஏலக்காய் ஏலம்? ஏலத்தை ஏன் ரெண்டு தடவை சொல்றாங்க?”

“மொத ஏலம் மலையில வெளையிறது. ரெண்டாவது ஏலம் ஆபீஸ்ல விடுறது.”

“ரெண்டும் ஒரே வார்த்தைதானே! அப்ப ஏலக்காயை வித்ததாலதான் ஏலம்னு பேரு வந்துச்சா?”

தாத்தா யோசித்தார். பிறந்ததிலிருந்து கேட்ட சொல். ஒருநாளும் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. “அப்படித்தான் இருக்கும்” என்றார்.

போடியில் இந்தப் பதிலைச் சொல்பவர் அவர் ஒருவர் மட்டுமாக இருக்க முடியாது. ஊரே ஏலக்காய் வாசத்தில் வாழ்கிறது. அந்தக் காய் விற்கும் முறைக்கு ஏலம் என்று பெயர். இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருப்பதுதான் கஷ்டம். ஆனால், சொற்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. செடியின் பெயர் இந்த மண்ணிலேயே பிறந்தது. விற்பனையின் பெயரோ கப்பலேறி வந்தது. இரண்டும் சொந்தக்காரர்கள் இல்லை. ஒரே பெயர் கொண்ட இரண்டு பேர் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மண்ணில் பிறந்த ஏலம்

முதலில் செடியைப் பார்ப்போம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்று ஏலாதி. கணிமேதாவியார் எழுதியது. ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த மருந்துக்கு ஏலாதி என்று பெயர். அந்த மருந்து உடலுக்கு நல்லது செய்வதுபோல, பாட்டுக்கு ஆறு கருத்துகளைச் சொல்லி மனதுக்கு நல்லது செய்யும் என்பதால் நூலுக்கும் அதே பெயர். ஏலத்தை ஆதியாக, அதாவது முதலாகக் கொண்டது ஏலாதி. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட இந்தப் பெயரிலேயே ஏலக்காய் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்கு அம்மனின் பெயர் தெரிந்திருக்கும். ஏலவார் குழலி. வாசனை கமழும் நீண்ட கூந்தல் உடையவள் என்று பொருள். பழந்தமிழில் ஏலம் என்பது கூந்தலுக்குப் பூசும் நறுமணச் சாந்தையும் குறித்தது.

பக்கத்து மொழிகளும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கின்றன. மலையாளத்தில் ஏலம், ஏலக்கா. தெலுங்கில் ஏலகுலு, பேச்சில் யாலகுலு. கன்னடத்தில் ஏலக்கி. அங்கே ‘அக்கி’ என்றால் அரிசி. நம்மூரிலும் ஏலக்காயின் விதைக்கு ஏலரிசி என்ற பெயர் உண்டு. பழக்கடையில் சின்னச் சின்னதாக, தித்திப்பாக ஒரு வாழைப்பழம் ‘ஏலக்கி’ என்று விற்கிறதே, அந்தப் பெயரும் கன்னட ஏலக்காயிடம் வாங்கியதுதான்.

சமஸ்கிருதத்தில் ஏலா. இந்தியில் இலாய்ச்சி. குஜராத்தியில் எல்ச்சி. செடி தெற்கத்திய மலைகளுக்குச் சொந்தம் என்பதால், சமஸ்கிருத ஏலாவே திராவிட மொழிகளிலிருந்து போன சொல்லாக இருக்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

இந்தப் பெயர் தாவரவியல் புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஏலக்காயின் அறிவியல் பெயர் எலெட்டாரியா கார்டமோமம். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி உள்ளூர் வைத்தியர்களின் உதவியோடு தொகுத்த பெரிய நூல் ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’. 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதில் இந்தச் செடி ‘எலெட்டாரி’ என்று பதிவாகியிருக்கிறது. மலையாள ‘ஏலத்தரி’தான் அது. தரி என்றால் சிறு மணி. உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஏலக்காயைப் பற்றிப் படித்தாலும், முதல் சொல் இந்த மலைச்சரிவின் சொல்தான்.

கப்பலேறி வந்த ஏலம்

அடுத்து இரண்டாவது ஏலம். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கினார். போர்ச்சுகீசியர் பின்னர் கொச்சி, கோவா, தூத்துக்குடி என்று கடற்கரை நெடுகப் பரவினார்கள். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதும் அவர்களுடைய பாதிரிமார்களின் முயற்சியால்தான். அவர்களோடு வந்த சொற்கள் இன்றும் நம் வீட்டில் இருக்கின்றன. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பொத்தான், மேஸ்திரி எல்லாம் போர்ச்சுகீசியம். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது சிரமம்.

அந்த வரிசையில் வந்ததுதான் ‘லெய்லாவ்’. கடைசி எழுத்தைக் கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும். போர்ச்சுகீசியத்தில் இதற்குக் கூவி விற்பது என்று அர்த்தம்.

கோவாவில் இது எப்படி நடந்தது என்பதை நேரில் பார்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர். 1583-ல் கோவாவுக்கு வந்து, அங்கே பேராயரிடம் எழுத்தராக இருந்தார். 1596-ல் அவருடைய பயண நூல் வெளியானது. ஊரின் முக்கியத் தெருவில், வெயில் ஏறுவதற்கு முன் தினமும் காலையில் ‘லெய்லோன்’ கூடும் என்று அதில் வருகிறது. இறந்துபோனவர்களின் வீட்டுப் பொருட்கள் அங்கே கூவி விற்கப்பட்டன. குதிரைகள் விற்கப்பட்டன. அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் விற்கப்பட்டார்கள். இன்று கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்துக்கும், பொங்கல் விளையாட்டில் சேவலுக்கும் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் அப்படி ஒரு தெருவும் இருக்கிறது.

கோவாவிலிருந்து அந்தச் சொல் நாலா பக்கமும் நடந்தது. மராத்தியில் லிலாவ். பம்பாய் பாவ் பாஜியில் வரும் ‘பாவ்’ போர்ச்சுகீசிய ரொட்டிதான். அந்த ‘பாவ்’ முடிகிற மாதிரியே ‘லிலாவ்’ முடிகிறது பாருங்கள். இந்திக்காரர் வாயில் முதல் ‘ல’ மாறி, நீலாம் ஆனது. தெலுங்கில் வேலம். கடல் தாண்டி இந்தோனேசியாவில் லெலாங். மலேசியாவின் இரவுச் சந்தைகளில் “லேலோங்! லேலோங்!” என்று கூவுவதை அங்கே வாழும் தமிழர்கள் தினமும் கேட்கிறார்கள்.

மலையாளத்தில் அது லேலம். தமிழில் ஏலம்.

ஓர் எழுத்து உதிர்ந்த கதை

மலையாளத்தில் இருக்கும் ‘ல’ தமிழில் எங்கே போனது? பழைய தமிழ் மரபில் ‘ல’ என்ற எழுத்தில் சொல் தொடங்காது. வெளியிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தால் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். லாபம் இலாபமானது, லட்சம் இலட்சமானது, லோகம் உலோகமானது எல்லாம் அப்படித்தான். லேலத்துக்கு அந்தப் பாடுகூட வேண்டியிருக்கவில்லை. முதலில் நின்ற மெய் உதிர்ந்தது, ‘ஏ’ மிஞ்சியது. லேலம் ஏலமாகிவிட்டது.

அந்த ஓர் எழுத்து உதிர்ந்ததும்தான் இரண்டு சொற்களும் மோதிக்கொண்டன. ஏலாதி காலத்திலிருந்து ‘ஏலம்’ என்ற பெயரோடு ஒரு செடி ஏற்கெனவே இருந்தது. புதிதாக வந்த விற்பனையும் அதே பெயரைச் சூடிக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால், இரண்டு ஏலங்களும் தனித்தனிச் சொற்களாகத்தான் இருக்கும்.

போடியில் இருப்பவர்கள் இதைக் காதாலேயே சரிபார்க்கலாம். காலையில் போடி, தேனி, கம்பம் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாகத் தொழிலாளர்கள் இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். கீழே இறங்கும்போது தமிழ், மேலே ஏறினால் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஏலக்காய் விற்பனை நடக்கும் முக்கிய இடங்கள் இரண்டு. மலைக்கு இந்தப் பக்கம் போடி. அந்தப் பக்கம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடி. போடியில் நடப்பது ஏலக்காய் ஏலம். புற்றடியில் நடப்பது ஏலக்கா லேலம். காய் ஒன்று, விற்கும் முறை ஒன்று, வாங்க வரும் வியாபாரிகளும் பெரும்பாலும் அதே ஆட்கள். நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து மலையாளிகளைப் பேத்தியின் சந்தேகத்திலிருந்து காப்பாற்றிவிட்டது.

ஈட்டி, கேள்வி, கூச்சல்

போர்ச்சுகீசியத்துக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதன் சகோதர மொழிகளைக் கேட்டுப் பார்த்தால் சுவையான பதில்கள் கிடைக்கும். லத்தீன் பெற்ற பிள்ளைகள் பல. போர்ச்சுகீசியம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், கட்டலான், ரோமானியம். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம்போல நெருங்கிய உறவு. ஏலக்காயைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் கிரேக்கத்திலிருந்து வந்த ஒரே பெயரைச் சொல்வார்கள். கார்டமோமோ, கார்டமோம் என்று வால்தான் மாறும். ஏலம் விடுவதற்குப் பெயர் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

ஸ்பானியத்தில் ‘சுபஸ்தா’. லத்தீனில் ‘ஈட்டியின் கீழ்’ என்று பொருள். போரில் கொள்ளையடித்த பொருட்களை ரோமானியர்கள் விற்கும்போது தரையில் ஓர் ஈட்டியை நட்டு, அதன் அடியில் விற்றார்கள். ரோமானியப் பேரரசு போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. ஸ்பெயினில் ஒரு வீட்டை வங்கி விற்றாலும் அந்த ஈட்டி சொல்லுக்குள் நட்டபடியே நிற்கிறது. இத்தாலியத்தில் இதே ஈட்டிதான் ‘ஆஸ்தா’ என்ற பெயரில் ஏலத்தைக் குறிக்கிறது. போர்ச்சுகீசியரும் நீதிமன்ற ஏலத்துக்கு ‘ஆஸ்தா புப்ளிக்கா’ என்பார்கள்.

இத்தாலியத்தில் ஏலத்துக்கு இன்னொரு பெயர் ‘இன்கான்தோ’. இதன் மூலம் ‘எவ்வளவுக்கு?’ என்ற லத்தீன் கேள்வி. விற்பவர் கேட்ட கேள்வியே விற்பனையின் பெயராகிவிட்டது. இதே கேள்வி கட்டலானில் ‘என்கன்த்’ ஆனது. பார்சிலோனாவில் ‘எல்ஸ் என்கன்த்ஸ்’ என்று பழைய பொருள் விற்கும் சந்தை இன்றும் இருக்கிறது. கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மக்கள் ஏலத்தை ‘ஆங்கான்’ என்கிறார்கள். அதுவும் ‘எவ்வளவுக்கு?’தான்.

இத்தாலியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ‘இன்கான்தோ’ என்றால் மாயம், வசீகரம் என்றும் பொருள். அது மந்திரம் ஓதுவதைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வேறு வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலிக்கு வந்து நின்றுவிட்டன. அங்கேயும் ஏதாவது ஒரு பேத்தி, “ஏலத்துக்கும் மந்திரத்துக்கும் என்ன தாத்தா உறவு?” என்று கேட்டிருப்பாள்.

பிரான்சில் பொதுவாக ‘ஆன்ஷேர்’ என்பார்கள். விலையை ஏற்றுவது என்ற பொருளில் பிறந்த சொல். மீன்பிடித் துறைமுகங்களில் மீனை ஏலம் விடும் இடத்துக்கு ‘கிரியே’ என்று பெயர். கத்துவது, கூவுவது என்ற பொருளிலிருந்து வந்தது. ரோமானியர்களின் பழைய சொல்லை ‘லிசிட்டாட்சியே’ என்று இன்றும் சொல்வது ரோமானிய மொழி. விலை கேட்பது என்று பொருள்.

ஈட்டி, கேள்வி, ஏற்றம், கூச்சல். ஒரே காட்சியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அறிவிப்பு

போர்ச்சுகீசியர் மட்டும் அன்றாட ஏலத்துக்கு லத்தீனை விட்டுவிட்டு அரபுச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஐபீரியத் தீபகற்பத்தில் பல நூற்றாண்டுகள் அரபு பேசும் ஆட்சி இருந்தது. அந்தக் காலத்தில் வந்ததுதான் ‘லெய்லாவ்’. அதற்கு மூலம் ‘அல் இஃலாம்’, அதாவது ‘அறிவிப்பு’ என்பது ஒரு விளக்கம். கொடி, அடையாளம் என்ற பொருளுள்ள ‘அலம்’ என்ற சொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ‘அறிதல்’ என்பது அந்த வேரின் பொருள். தமிழ் முஸ்லிம்கள் மார்க்க அறிஞரை ‘ஆலிம்’ என்கிறார்களே, அதுவும் அதே வேர்.

ஸ்பெயின்காரர்களும் ‘அல்மொனேதா’ என்று ஓர் அரபுச் சொல்லை வைத்திருக்கிறார்கள். கூவி அழைப்பது என்று அதற்குப் பொருள். நம் பக்கத்தில் கன்னடக்காரர்கள் ஏலத்தை ‘ஹராஜு’ என்பார்கள். அதுவும் அரபுதான். போர்ச்சுகல் வழியாகச் சுற்றாமல் பாரசீகம், உருது வழியாக வந்தது. சிங்களத்தில் ‘வெந்தேசி’. டச்சுக்காரர்கள் இலங்கையில் விட்டுப்போன சொல் அது. யார் எந்த ஊர்க் கடற்கரையில் கடை விரித்தார்கள் என்பதை ஏலத்தின் பெயரை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்தப் பாதையில் எதிர்த்திசையிலும் ஒரு சொல் போயிருக்கிறது. அரபு நாடுகளில் விருந்தாளி வந்தால் ஏலக்காய் தட்டிப்போட்ட காப்பி கொடுப்பார்கள். அங்கே வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். அரபியில் ஏலக்காய்க்கு ‘ஹேல்’ என்று பெயர். பாரசீகத்தில் ‘ஹெல்’. இந்திய ‘ஏலா’ மேற்கே நடந்தபோது எடுத்துக்கொண்ட உருவம் அது.

இந்த மலைப் பக்கத்திலிருந்து காய் போனது. அதன் பெயரும் கூடவே போய் அரபியில் குடியேறியது. அரபியில் இருந்த ஒரு சொல் போர்ச்சுகல் போய், கப்பலேறி வந்து நம்மிடம் குடியேறியது. போனதும் ஏலம், வந்ததும் ஏலம். சொற்கள் உறவில்லாதவைதான். ஆனால், கொடுக்கல் வாங்கலில் கணக்குச் சரியாக இருக்கிறது.

துண்டுக்குள் விரல்

போர்ச்சுகீசியர் வரும் முன் தமிழ்நாட்டில் ஊரறிய விற்கும் வழக்கம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் ‘பெருவிலை’ என்று ஒரு சொல் வருகிறது. அரசின் பேரில் நிலத்தை எல்லோரும் அறிய விற்பதைக் குறித்தது. வழக்கம் பழையது, இப்போதைய பெயர் புதியது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தரகரும் வியாபாரியும் கையைக் குலுக்குவதுபோல நிற்பார்கள். கைமேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு எத்தனை என்று தெரியாது. மாட்டைக் கொண்டுவந்த விவசாயிக்கே சில சமயம் தெரியாது.

துண்டுக்குள் பேசுவதற்கு நேர் எதிர்தான் ஏலம். விலை வெளியே வர வேண்டும். எல்லோர் காதிலும் விழ வேண்டும். ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று மூன்று முறை சொல்வது அதற்காகத்தான். கேட்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. நம் வீடுகளில் யாராவது நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டால், “எதுக்கு என் பேரை ஏலம் விடுற?” என்று கேட்கிறோம். விற்பனை எதுவும் அங்கே நடக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அரபியிலிருந்து புறப்பட்டபோது இருந்த ‘அறிவிப்பு’ என்ற பொருளை, அது தெரியாமலேயே தமிழ் பத்திரமாக வைத்திருக்கிறது.

போடியின் ஏலக்காய் விவசாயிக்கு இது வெறும் அகராதிச் செய்தி இல்லை. செடியின் அடியில் ஓடும் சரத்தில் காய் பிடித்து, ஒரு மாதத்துக்கோ ஒன்றரை மாதத்துக்கோ ஒருமுறை பறித்து, ஸ்டோரில் உலர்த்தி மூட்டை கட்டுவதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் 1 கிலோதான் மிஞ்சும். பறித்த கூலி, உரம், மருந்து, விறகு எல்லாம் அந்த 1 கிலோவின் தலையில்தான். அந்தக் கிலோ என்ன விலைக்குப் போகும் என்பது அவர் கையில் இல்லை. மழை பெய்ததா என்பதும், ஸ்பானியம் பேசும் குவாத்தமாலாவில் காய்ப்பு எப்படி என்பதும், அரபு நாடுகள் யாரிடம் வாங்குகின்றன என்பதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்புதான் ஏலக்காய் குவாத்தமாலாவுக்குப் போனது. இன்று உலகிலேயே அதிகம் விளைவது அங்கேதான். 2019-ல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்ட காய், 2022-ல் 1,000 ரூபாய்க்கும் கீழே விற்றது. செடி அதே செடிதான். தோட்டமும் அதே தோட்டம்தான்.

இந்த ஏற்ற இறக்கத்தில் சிறு விவசாயிக்கு இருக்கும் ஒரே பிடி, இன்றைய விலை என்ன என்று தெரிந்திருப்பது. நறுமணப் பொருட்கள் வாரியம் ஒவ்வொரு ஏலத்துக்கும் எவ்வளவு காய் வந்தது, எவ்வளவு விற்றது, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று வெளியிடுகிறது. ஏலத்துக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே வியாபாரியிடம் நாலு கிலோ விற்பவருக்கும் அந்தக் கணக்கு உதவும். உச்ச விலை என்பது அன்றைக்கு மிகச் சிறந்த ஒரு லாட்டுக்குக் கிடைத்தது. பெருவாரியான காய் சராசரியை ஒட்டித்தான் போகும். அதனால் தலைப்பில் வரும் பெரிய எண்ணைவிட அடுத்த வரியில் இருக்கும் எண்தான் முக்கியம்.

சத்தமில்லாத ஏலம்

போடி ஏலக்கூடம் ஒரு காலத்தில் கூச்சல் நிறைந்த இடம். மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றை உடைத்து மோந்து பார்த்து, விலையை உரக்கக் கேட்பார்கள். இருபது ஆண்டுகளுக்குள் எல்லாம் மாறிவிட்டது. இப்போது நடப்பது மின்னணு ஏலம். வியாபாரிகள் ஆளுக்கொரு திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதிரிக் காய் இன்றும் கைக்கு வருகிறது. பச்சை நிறம், பருமன், ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதெல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் யாரும் கூவுவதில்லை. பொத்தானை அழுத்தினால் விலை ஏறுகிறது.

ஸ்பெயினில் ஈட்டி இல்லாமலே ‘ஈட்டியின் கீழ்’ விற்பதுபோல, போடியில் குரல் இல்லாமலே ‘அறிவிப்பு’ நடக்கிறது. குரல் போனதில் பெரிய நஷ்டம் இல்லை. அறிவிப்பு போய்விடக் கூடாது, அவ்வளவுதான். திரையில் ஏறிய விலை அன்று மாலைக்குள் மலைமேல் இருக்கும் கடைசித் தோட்டக்காரரின் கைக்கு வரும்வரை அந்தச் சொல் பொய்யில்லை.

பேத்தி பள்ளியில் ஆசிரியரிடம் கேட்டு வந்து, எல்லாவற்றையும் தாத்தாவிடம் ஒப்பித்தாள். ஈட்டியைப் பற்றிக் கேட்டு அவர் சிரித்தார். போர்ச்சுகல் அவருக்குக் கொஞ்சம் தூரமாகப் பட்டது. ‘அறிவிப்பு’ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அது சரிதான்த்தா. எங்க அப்பாரு மூட்டையக் கொண்டுபோய் எறக்கிட்டு, அவுக சொன்ன வெலைய வாங்கிட்டு வருவாரு. ஊருல என்ன வெலைன்னு அவருக்கு யாரும் சொன்னது கெடையாது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு போனைப் பேத்தியிடம் நீட்டினார்.

“அந்த ரெண்டாவது எண்ணை இன்னொரு தடவ வாசி.”